தவிட்டுக்குப் போன பிள்ளையின் மொழி

முரசுமோட்டையில் சிவலட்சுமிக்கு விசர் என்று முதலில் சொன்னது ஊர்ச் சனம் அல்ல, அவளுடைய புருஷன் யோகநாதன்தான். மனுஷனைக் குற்றம் சொல்லவும் முடியாது. பட்டப்பகலில் முற்றத்தில் குந்தியிருந்து, நெல்லைப் புடைக்காமல் சுளகைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் உள்ளங்கையால் தட்டித் தட்டி "ப-ர-ப்ளீ, ப-ர-ப்ளீ" என்று முணுமுணுக்கிற பெண்சாதியை வேறு என்னவென்று சொல்வது?

"இஞ்சை, உனக்கென்ன பேய் கீய் பிடிச்சிட்டுதோ?"

"குடையுங்கோ. நோர்வேயிலை குடைக்கு அதுதான் பேர். கடைசித் துண்டை அமத்திச் சொல்லோணும்."

"மழையையே காணேல்லை. உனக்கேன் குடை?"

அவளுக்குக் குடை தேவையில்லை. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு வசனம். அந்த வசனத்தை ஒழுங்காகச் சொல்வதற்காகத்தான் குடையையும் கேக்கையும் ரெலிபோனையும் தட்டிப் பழகினாள்.

நோர்வேயின் வடக்குக் கரையில், மீன் வெட்டும் தொழிற்சாலை உள்ள ஒரு சின்ன ஊரில் அவளுக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் விதுசன். அவன் அவளை அம்மா என்று அழைப்பதில்லை, 'தன்தெ' என்றுதான் அழைப்பான். பெரியம்மா, சின்னம்மா, மாமி எல்லாருக்கும் அந்த நாட்டில் அந்த ஒரே சொல்தானாம். அவன் அம்மா என்று அழைத்தது சிவலட்சுமியின் அக்கா ஜெகதீஸ்வரியை.

சிவலட்சுமிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த கையோடு போனது, மற்றது தவழத் தொடங்கிய பிறகு போனது. மூன்றாவதாக விதுசன் பிறந்தபோது அவர்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். "தவிட்டுக்கு வித்துப்போடு பிள்ளை" என்று பெரியவர்கள் ஒரே வாயாகச் சொன்னார்கள். பிள்ளை தங்காத வீட்டில் செய்கிற வழக்கம் அது. இன்னொருத்தி ஒரு சுளகு தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்குவாள், மூக்கைக் குத்திக் கம்பி போடுவாள். அதோடு பிள்ளை வாங்கியவளுடையது. பெற்றவள் சும்மா வளர்த்துக் கொடுக்கிறவள். எமன் வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டில் பிள்ளை இல்லையே என்று திரும்பிப் போவானாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பெற்றவள் வாய் திறந்து 'இது என் பிள்ளை' என்று சொல்லக் கூடாது. சொன்னால் எமனுக்கு அவளே வழி காட்டியதாகும். ஆண்பிள்ளை என்றால் மீசை முளைக்கும் மட்டும் பொறுக்க வேண்டும். பிறகு பயமில்லை.

தவிடு கொடுத்தது அக்காதான். அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சிவலட்சுமியும் சிரித்தாள்.

அடுத்த வருஷம் அக்கா கலியாணம் முடித்து நோர்வேக்குப் போனாள். அந்த வருஷக் கடைசியில் யாழ்ப்பாணமே பெட்டி படுக்கையோடு கிளம்பி வன்னிக்கு வந்தது. வன்னியில் அப்போது மலேரியா. குளிசை மருந்து எதுவும் கிடையாது. பிள்ளை காய்ச்சலில் காய்ந்து விறகாய்க் கிடந்தான். தனக்கு இன்னும் பிள்ளை பிறக்காத அக்கா நோர்வேயிலிருந்து வவுனியா வரைக்கும் ஓடி வந்தாள்.

"என்னட்டைத் தா லட்சுமி. தவிடு குடுத்து வாங்கினனான்தானே. என்ரை பிள்ளையெண்டே பதிஞ்சு கொண்டு போறன்."

சிவலட்சுமிக்கு அது பொய்யாகவே படவில்லை. உண்மையைத்தானே அக்கா சொல்கிறாள் என்று நினைத்தாள். வெள்ளைக்காரனின் அரசாங்கம் தவிட்டை ஏற்றுக்கொள்ளாது, அங்கே ஒருத்தியை அம்மா என்று பதிந்தால் மற்றவள் காலத்துக்கும் சின்னம்மாதான் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இப்படி ஒரு பிழையை விட எங்கள் ஆட்களால்தான் முடியும். காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கா போனாள். குழந்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, நித்திரையாய் இருந்தது.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகுதான் கிளிநொச்சியில் ரெலிபோன் கடைகள் வந்தன. முதல் நாள் அக்கா "இந்தா, பிள்ளை கதைக்கப் போறான்" என்று போனைக் கொடுத்தாள். மறுமுனையில் ஏதோ ஓடியது. ஏறி இறங்கி, வாய்க்கால் தண்ணீர் கல்லில் விழுந்து எழும்புவது மாதிரி ஓடியது. பெற்ற பிள்ளையின் வாயில் வந்த ஒரு சொல்கூட அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஏனக்கா, தமிழ் சொல்லிக் குடுக்கேல்லையோ?"

அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "தமிழ் வந்தால் கேள்வியும் வரும் லட்சுமி. ஆரும் ஏதும் சொல்லிப்போட்டால்? அவங்களுக்குத் தெரிஞ்சால் பிள்ளையைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். அங்கையோ அனுப்பச் சொல்லுறாய்?"

வன்னியில் வளர்ந்த பையன்களை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று தாய்மார் நெஞ்சிடியோடு இருந்த காலம். சிவலட்சுமி போனை வைத்தாள். ஆனால் கடையை விட்டு இறங்கும்போதே முடிவெடுத்துவிட்டாள். மகனுக்கு என் பாஷை வராவிட்டால் எனக்கு அவன் பாஷை வரட்டும். மீசை முளைக்கிற அன்றைக்கு, இடையில் ஆரும் நின்று மொழிபெயர்க்காமல், என் வாயாலேயே சொல்லுவேன்.

"அவன் பள்ளிக்கூடப் புத்தகம் வாசிக்கிறதைக் கசெற்றிலை பதிஞ்சு அனுப்பு அக்கா. குரலைக் கேக்க ஆசையாக் கிடக்கு" என்றாள். அக்கா அனுப்பினாள். சொல்லின் அருத்தத்தையும் ஒவ்வொன்றாகத் தானே இடையில் சொல்லிப் பதிந்திருந்தாள். பாவம், அவளும் கல் நெஞ்சுக்காரி இல்லை.

அந்தக் கசெற்றில் ஒரு பக்கம் முழுக்க வேற்று நாட்டிலிருந்து நோர்வேக்கு வந்த சொற்கள். பிள்ளைகள் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கை தட்ட வேண்டும். அதுதான் வகுப்புப் பாடம். விதுசன் தட்டுவது கசெற் ரேடியோவில் பட்டுப்பட்டென்று கேட்டது. சிவலட்சுமிக்கு அதில் ஒரு ஆறுதல். குசினியும் கதிரையும் அலுமாரியும் எங்கேயோ இருந்து வந்து எங்கள் வாயில் இருப்பது மாதிரித்தான் அங்கேயும்.

கேட்கக் கேட்க ஒன்று விளங்கியது. எங்கள் வாய் எல்லா எழுத்தையும் நெல்லைக் கொத்தால் அளந்து போடுவது மாதிரி ஒரே அளவாய்ப் போடும். அவர்கள் அப்படியில்லை. ஒரு இடத்தில் பாரத்தை இறக்குவார்கள், மற்றதெல்லாம் இலேசாய் ஓடும். சொந்தச் சொல்லென்றால் பெரும்பாலும் முதல் துண்டில் பாரம். வந்த சொல்லோ, வந்த ஊரில் எங்கே பாரம் இருந்ததோ அங்கேயே வைத்துக்கொண்டிருக்கும். குடையின் பாரம் கடைசியில். எவ்வளவு காலம் அந்த நாட்டில் இருந்தாலும் பழையதை விடாத சொற்கள். சிவலட்சுமிக்கு அந்தச் சொற்களைப் பிடித்துப்போயிற்று. காரணம் கேட்டால் அழுதிருப்பாள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஆவணியில், சிறுபோக அறுவடை நேரம், அக்கா விதுசனைக் கூட்டிக்கொண்டு முரசுமோட்டைக்கு வந்தாள். பத்து வயதுப் பையன், வெயிலில் இறால் மாதிரிச் சிவந்து, வெள்ளைக் காலுறையோடு புழுதியில் இறங்கி நின்றான். சிவலட்சுமிக்கு ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப்பிடித்தால் விடமாட்டாள் என்று அவளுக்கே தெரியும். அதனால் சும்மா நின்று, கனநாளாய்ப் பழகி வைத்திருந்த பெரிய சொல்லை எடுத்து விட்டாள்.

"ஷுகுலாடெ... காகெ."

சொக்கிளேற் கேக். பையன் வாயைப் பிளந்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் புழுதிக்குள் யாரோ ஒரு சின்னம்மா தன் பாஷையில் கேக் என்கிறாள்!

அன்றிலிருந்து அவளை விட்டு அவன் அசையவில்லை. அவள் சுளகோடு இருக்க, முன்னால் நின்று வாத்தியார் வேலை பார்த்தான். அவள் சொன்னதில் பிழை என்னவென்றால், ஷுகுலாடெயில் ஒருதரம் பாரம் வைத்து, மூச்சு விட்டு, காகெயில் திரும்பவும் அதே அளவு பாரம் வைத்ததுதான். அப்படிச் சொன்னால் சொக்கிளேற் ஒன்று, கேக் ஒன்று, இரண்டு சாமான். ஒரே சாமானாய் வர வேண்டுமென்றால் நடுவில் மூச்சு விடக் கூடாது. பையன் அதைக் காலால் காட்டினான். ஷு, கு என்று இலேசாய் நடந்து, லா என்று ஓங்கி மிதித்து, டெ என்று தடவி, கா என்று சின்னதாய் ஒரு மிதி மிதித்து, கெ என்று நின்றான். முன்சொல் தன் பாரத்தை வைத்துக்கொள்ளும். பின்சொல் தன்னுடையதில் பாதியை விட்டுக்கொடுத்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் முழுவதையும் விடாது. அந்தச் சின்ன மிதியை விட்டால் சொல்லே நொண்டும் என்று கையை ஆட்டி விளக்கினான்.

சிவலட்சுமி சுளகில் தட்டினாள். லாவுக்கு உள்ளங்கை, காவுக்கு விரல் நுனி. "அது!" என்று பையன் துள்ளினான். வயலிலிருந்து வந்த யோகநாதனும் சிரித்தார். குசினி வாசலில் நின்ற அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அக்காவும் நானும் இப்படித்தான் ஒட்டிக் கிடக்கிறோம் என்று சிவலட்சுமி நினைத்துக்கொண்டாள். பாரம் அவளிடம், விரல் நுனி என்னிடம். பொறாமையாய் இருந்தது. ஆனாலும் என்னை விட்டால் சொல் நொண்டும் என்பதில் அவளுக்கு ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது.

இந்த நிம்மதியைக் கெடுக்க வந்து சேர்ந்தவள், யாழ்ப்பாணத்திலிருந்து அவர்களோடு இடம்பெயர்ந்து வந்த அயல் வீட்டு வடிவம்மா. அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், கண் அதைவிட நீளம். பயணம் அனுப்ப வந்தவர்களோடு வந்தவள், பையனின் நாடியைப் பிடித்து நிமிர்த்தி மூக்கைப் பார்த்தாள்.

"எடி பிள்ளை, இது உன்ரை தவிட்டுப் பிள்ளையெல்லோ! மூக்குத் தழும்பு அப்பிடியே கிடக்கு!"

அக்கா "வடிவக்கா!" என்று கத்தினாள். அந்தக் கத்தல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. தமிழ் தெரியாத பிள்ளைக்கும் கத்தல் விளங்கும். அவன் வடிவம்மாவின் விரல் போன திசையைப் பார்த்தான். விரல் முதலில் அவன் மூக்குக்கும், பிறகு சிவலட்சுமிக்கும் போயிருந்தது. அந்தத் தழும்பைச் சின்ன வயதில் அம்மை போட்டது என்று சொல்லித்தான் அக்கா வளர்த்திருந்தாள்.

மறுநாள் காலை வான் வந்து வாசற் படலையில் நின்றது. அக்கா பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். விதுசன் சிவலட்சுமிக்கு முன்னால் வந்து நின்றான். மூக்குத் தழும்பில் விரலை வைத்துக்கொண்டு கேட்டான்.

"ஏர் டூ மூரா மி?"

நீ என்ரை அம்மாவோ?

அவளுக்கு ஒவ்வொரு துண்டும் விளங்கியது. இரண்டு வருஷமாய் அவள் படித்ததெல்லாம் இந்த வசனத்தின் மறுமொழிக்காகத்தான். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதே நேரம் பையனின் மேலுதட்டைப் பார்த்தாள். பிஞ்சு உதடு, ஒரு பூனைமயிர்கூட இல்லை. வானின் பக்கத்தில் அக்கா பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். திருப்பி அனுப்பினால் இங்கேதான் வருவான். இங்கே வந்தால் எமன் தேடி அலையத் தேவையில்லை. பக்கத்து ஒழுங்கையில்தான் ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

"எனக்கு விளங்கேல்லை, ராசா" என்றாள் தமிழில்.

அவன் அவளையே பார்த்தான். தன்தெ கெட்டிக்காரிதான், ஆனால் வேகமாய்ச் சொன்னால் பிடிபடாது என்று நினைத்திருப்பான். முந்திக் கேக்குக்குச் செய்தது போலவே, துண்டு துண்டாய்ப் பிரித்து, மெல்லக் கை தட்டித் தட்டிச் சொன்னான்.

"ஏர். டூ. மூ-ரா. மி?"

மூவில் பாரம். அவ்வளவு வடிவாய், அவ்வளவு பொறுமையாய். அவள் தலையை ஆட்டினாள்.

"விளங்கேல்லை, ராசா. எனக்கு விளங்கேல்லை."

அவன் கையை இறக்கிக்கொண்டு வானில் ஏறினான். இந்த முறை நித்திரை இல்லை. ஆனாலும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பாஷையைப் பாடுபட்டுப் படித்து, அதைத் தெரியாது என்று சொல்வதற்கு மட்டும் பயன்படுத்தியவள் சிவலட்சுமி. அன்றைக்கு முழுக்க நெல்லைப் புடைத்தாள். சுளகைக் கவிழ்க்கவில்லை.

அதற்குப் பிறகு கசெற் வரவில்லை. போன் எடுத்தால் "ஹை, தன்தெ" என்று சொல்லிவிட்டு அவன் போனை அக்காவிடம் கொடுத்துவிடுவான். "பிள்ளை வளருறான், கதை குறைஞ்சிட்டுது" என்றாள் அக்கா. பிறகு பாதை பூட்டிற்று. பிறகு போனும் இல்லை. குண்டு விழ விழ முரசுமோட்டையை விட்டு, தருமபுரம், விசுவமடு என்று உழவு இயந்திரப் பெட்டியில் சாமான் ஏற்றி இறக்கி, கடைசியில் சாமானும் இல்லாமல், சனத்தோடு சனமாய்க் கடற்கரை மணலுக்கு ஒதுங்கினார்கள்.

பதுங்குகுழிக்குள் சிவலட்சுமி திரும்பவும் தட்டத் தொடங்கினாள். சுளகு எங்கேயோ போய்விட்டது. யோகநாதனின் முழங்காலில் தட்டினாள்.

"யேய் ஏர் மூ-ரா டி."

"என்னடியப்பா அது, கேக்கோ?"

"நான் உன்ரை அம்மா எண்டு அருத்தம். மீசை முளைச்சிருக்குமெல்லோ இப்ப? உயிரோடை வெளியிலை போனால் சொல்லுவன்."

யோகநாதன் மண் சுவரைப் பார்த்தபடி கேட்டார். "அப்பாவுக்கு என்னண்டு சொல்லுறது?"

"ஃபார்."

"அவ்வளவுதானோ? நல்லது. எனக்குப் பிரிச்சுத் தட்ட ஒண்டுமில்லை" என்று சிரித்தார். விசர் என்று சொன்ன மனுஷன் அன்றைக்கு அந்த ஒரு சொல்லைத் தானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சில நாளில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் செல் குண்டு விழுந்தது. அவரை ஒழுங்காய்ப் புதைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. அந்தத் துக்கத்தை அவள் கடைசி வரைக்கும் ஆற்றிக்கொள்ளவே இல்லை.

சண்டை முடிந்தபின் செட்டிகுளம் அகதி முகாமுக்கு அவள் தனியாகத்தான் வந்து சேர்ந்தாள். கூடாரங்கள், முள்ளுக்கம்பி, தண்ணீருக்குச் சண்டை. முகாமுக்கு மரக்கறி ஏற்றி வருகிற றிஸ்வான் என்ற வியாபாரி, வெளிநாட்டில் சொந்தம் உள்ள ஆட்களுக்கு இரகசியமாய்த் தன் கைபேசியைக் கொடுப்பான் என்று கேள்விப்பட்டாள். அக்காவின் இலக்கம் மட்டும் மனதில் அழியாமல் இருந்தது.

"கதைங்க அக்கா, அவசரமில்ல. நான் லொறிப் பக்கம் நிக்கிறன்" என்று றிஸ்வான் தள்ளிப் போனான்.

குரலைக் கேட்டதும் அக்கா ஓவென்று அழுதாள். இறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தாளாம். யோகநாதனைக் கேட்டாள். சொன்னதும் இன்னும் அழுதாள். சிவலட்சுமிக்குக் கண்ணீர் வரவில்லை.

"அக்கா, பிள்ளைக்கு மீசை முளைச்சிட்டுதோ?"

அழுகை நின்றது. அந்தக் கேள்வியின் அருத்தம் உலகத்தில் அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள். "ஓம். அரும்பியிருக்கு."

"அவனிட்டைக் குடு."

"லட்சுமி, நீ என்னண்டு அவனோடை..."

"எனக்கு அவன்ரை பாசை தெரியுமக்கா. அப்பவே தெரியும்."

மறுமுனையில் காலடிச் சத்தம். கதவு ஒன்று திறந்தது. "ஹலோ" என்றது ஒரு தடித்த குரல். அந்தப் பத்து வயதுக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. சிவலட்சுமி மூச்சை இழுத்து, நடுவில் விடாமல், மூவில் பாரம் இறக்கிச் சொன்னாள்.

"யேய் ஏர் மூரா டி."

தண்ணீர் வண்டிக்குச் சனம் ஓடியது. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எனக்கு விளங்கேல்லை" என்றான் அவன்.

தமிழில் சொன்னான். அவனுக்குத் தமிழ் இல்லை. ஆனால் இந்த இரண்டு சொல்லையும், படலையடியில் கேட்டபடியே, அவள் இழுத்த இடத்தில் இழுத்து, அவள் அமத்திய இடத்தில் அமத்தி, ஐந்து வருஷமாய் எங்கேயோ வைத்திருந்திருக்கிறான். ராசா மட்டும்தான் இல்லை.

அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன்தெக்கு விளங்கியது என்று தெரிந்துதான் வானில் ஏறியிருக்கிறான். சிவலட்சுமி முள்ளுக்கம்பித் தூணைப் பிடித்துக்கொண்டாள். இப்போதுதான் அழுகை வந்தது. வந்த அழுகையை விழுங்கினாள். அழுதால் சொல் உடைந்துவிடும்.

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் மெல்லத் தட்டித் தட்டி, துண்டு துண்டாய்ப் பிரித்து, அவன் அன்றைக்குக் கேட்டது மாதிரியே பொறுமையாய்த் திரும்பச் சொன்னாள்.

"யேய். ஏர். மூ-ரா. டி."

அவன் பதில் சொல்லவில்லை. போனை வைக்கவும் இல்லை. அவன் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. லொறிப் பக்கத்திலிருந்து றிஸ்வான் கையைக் காட்டினான். அவள் கவனிக்காமல் இன்னொரு தரம் தட்டினாள்.